ஏஐ எழுதித் தரும் காலத்தில் எஸ்கியூஎல் எதற்கு? 50 ஆண்டு மொழியின் கதை

'போன மாதம் 500 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கியவர்கள் எத்தனை பேர்?' இப்படிப் பேச்சுவழக்கில் கேட்டாலே போதும், அதற்கான எஸ்கியூஎல் கட்டளையை ஏஐ செயலிகள் நொடியில் எழுதித் தந்துவிடுகின்றன. 'அப்போ, இனி இதைப் படிக்கணுமா?' என்பது ஐடி துறைக்குள் நுழையும் பலரின் கேள்வி. சுவாரசியம் என்னவென்றால், 'யார் வேண்டுமானாலும் தரவிடம் கேள்வி கேட்கலாம்' என்ற அதே கனவில் பிறந்த மொழிதான் எஸ்கியூஎல்.

அதற்கு முன் எப்படி இருந்தது?

1960களில் தரவுகள் பெரும்பாலும் மரக்கிளைகள் போல அடுக்கி வைக்கப்பட்டன. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் இதற்கு உதாரணம். ஒரு தகவல் வேண்டுமென்றால், எந்தக் கிளை வழியாகப் போக வேண்டும் என்பதையும் புரோகிராமரே எழுத வேண்டும். அடுக்கும் முறை மாறினால் புரோகிராமையும் திருத்தியாக வேண்டும்.

1970 ஜூனில், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட் ஒரு மாற்று வழியைச் சொன்னார். தரவை எளிய அட்டவணைகளாக வைப்போம். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வோம். எப்படி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், அவர் அதை விளக்கியது கணிதக் குறியீடுகளில். சாதாரண ஊழியருக்கு அது எட்டாக்கனி.

சீக்வெல், எஸ்கியூஎல் ஆனது எப்படி?

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள், ஐபிஎம்மின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். அவர்களின் முதல் மொழியான 'ஸ்கொயர்', கீபோர்டில் தட்டச்சு செய்வதற்கே சிரமமான குறியீடுகளைக் கொண்டிருந்தது. எனவே செலக்ட், ஃப்ரம், வேர் போன்ற எளிய ஆங்கிலச் சொற்களுக்கு மாறினார்கள். 1974இல் 'சீக்வெல்' அறிமுகமானது. அதே ஆண்டில் பாய்ஸ் இளம் வயதிலேயே காலமானார்.

'சீக்வெல்' என்பது பிரிட்டன் விமான நிறுவனம் ஒன்றின் வணிக முத்திரையாக இருந்ததால், பெயர் எஸ்கியூஎல் எனச் சுருங்கியது. பலர் இன்றும் 'சீக்வெல்' என்றே உச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

முந்திக்கொண்ட ஆரக்கிள்

ஐபிஎம் இதை 'சிஸ்டம் ஆர்' என்ற ஆய்வுத் திட்டத்தில் சோதித்தது. விற்பனைக்குக் கொண்டுவர மட்டும் அவசரப்படவில்லை. கையில் ஏற்கெனவே ஐஎம்எஸ் இருந்தது. ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் வெளிப்படையாக வந்தன. அவற்றைப் படித்த லாரி எலிசனின் குழு, 1979இல் ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் முதல் எஸ்கியூஎல் தயாரிப்பு விற்பனைக்கு வந்தது 1981இல்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'க்வெல்' என்ற மொழியும் போட்டியில் இருந்தது. ஆனால், 1986இல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியும், 1987இல் சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓவும் எஸ்கியூஎல்லைத் தரநிலையாக ஏற்றன. ஆட்டம் அத்துடன் முடிந்தது.

'நோஎஸ்கியூஎல்' வந்த பிறகுமா?

2009க்குப் பிறகு, பல கணினிகளில் பரவிக் கிடக்கும் பெருந்தரவுக்காக 'நோஎஸ்கியூஎல்' அலை கிளம்பியது. எஸ்கியூஎல் ஓரங்கட்டப்படவில்லை. 2016 தரநிலையில் ஜேசான், 2023இல் கிராஃப் வினவல் எனப் புது வசதிகளைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் எஸ்கியூலைட் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் போனுக்குள்ளும் இந்த மொழி ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏஐ எழுதினால் என்ன சிக்கல்?

ஒரு வகுப்பில் 10 மாணவர்கள். 8 பேர் தேர்வு எழுதி, ஆளுக்கு 50 மதிப்பெண் எடுக்கிறார்கள். வராத 2 பேரின் கட்டம் காலி. எஸ்கியூஎல்லில் இதற்குப் பெயர் 'நல்'. சராசரி கேட்டால், காலிக் கட்டங்களை விட்டுவிட்டு 50 என்று சொல்லும். வராதவர்களுக்குப் பூஜ்யம் என்று கணக்கிட்டால் சராசரி 40தான். எது சரி என்பது பள்ளியின் விதியைப் பொறுத்தது. கணினிக்கு அது தெரியாது. பிழைச் செய்தியும் வராது.

இதே தவறு சம்பளப் பட்டியலிலோ கடன் கணக்கிலோ நடந்தால், பாதிக்கப்படுபவருக்குக் காரணமே தெரியாமல் போகலாம். கட்டளையை ஏஐ எழுதட்டும். அது உண்மையில் எதைக் கேட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கும் அளவுக்காவது எஸ்கியூஎல் தெரிந்திருப்பது நல்லது.