குழாய்க்குள் புகுந்த காற்று



நீலகிரிக் காய்கறி ஏற்ற மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பிக்கப் வண்டியில் டீசல் குறைந்திருந்தால், சரிவில் அது தொட்டியின் ஒருபுறம் ஒதுங்கிவிடும். உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்க, என்ஜின் திணறி நிற்கும். பம்ப் பழுது, கலப்பட டீசல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார். பல வண்டிகள் டீசல் ஊற்றியதும் கிளம்பிவிடுவதில்லை. ஃபில்டர் அருகிலுள்ள கைப்பம்பை மீண்டும் மீண்டும் அழுத்தி, புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஜெபத்தைவிட்டு நெடுநாள் விலகியிருந்து திரும்பும் சகோதரரிடம் இந்தப் பொறுமையை நாம் காட்டுவதில்லை. இரண்டு ஞாயிறு வந்தும் மாற்றமில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம் (சபைக் கமிட்டியும் விலக்கல்ல). இது அநியாயம் என்றே கருதுகிறேன். பேதுருவிடமே ஆண்டவர் மூன்று முறை கேட்டார் (யோவான் 21). இவ்வாரம் அப்படிப்பட்டவர் வீட்டுக்கு இருவராய்ச் செல்லுங்கள். புத்திமதி வேண்டாம், உடன் அமர்ந்து ஜெபியுங்கள். அடுத்த வாரமும் செல்லுங்கள்.