அட்டவணையில் இல்லாத கட்டம்

பாரிஸில் ஒரு கருத்தரங்கு. அது முடிந்த இரண்டாம் நாள் பெர்லினில் ஒரு கவிதை வாசிப்பு. இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். எப்படிப் போவது என்று கேட்டதும், உடன் வந்திருந்த பேராசிரியர் கைபேசியில் ஓர் அட்டவணையைக் காட்டினார். விமானம், ரயில், இரவுப் பேருந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை யூரோ, எவ்வளவு கார்பன். “பேருந்துதான் மலிவு மேடம். இந்தக் காலத்தில் விமானத்தில் போவதற்கு வெட்கப்பட வேண்டும்” என்றார்.

வெட்கம் என்ற சொல் அவராகச் சொன்னதல்ல. விமானத்தில் பறப்பதற்காகக் கூசுவதைக் குறிக்க சுவீடன்காரர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. விமானம் ரயிலைவிடப் பல மடங்கு கார்பனைக் கக்குகிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கையும் தலையில் ஏற்றி வளர்க்கப்பட்டவளிடம் வந்து, இன்னொரு நாணத்தையும் சுமந்துகொள் என்கிறீர்கள். சுமப்பதற்கு முன் உங்கள் அட்டவணையை ஒருமுறை சரிபார்க்கிறேன்.

அதில் நான்காவது கட்டம் இல்லை. இரவு முழுக்க என் பக்கத்து இருக்கையில் யார்? நெடுஞ்சாலை ஓரத்தில் பேருந்து நிற்கும்போது கழிப்பறைக்கு இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? மாதவிடாய் நாளாக இருந்தால்? காலை 6 மணி விமானம் மலிவுதான். ஆனால் அதைப் பிடிக்க, முதல் புறநகர் ரயில் ஓடுமுன் எந்தத் தெருவில் தனியாக நிற்க வேண்டும்? இந்தக் கணக்கை எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டவணை போட்டவருக்கு நேரமும் பணமும் இருந்தன. உடல் ஒன்று இருப்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

“அதெல்லாம் நம் ஊரில்தான், ஐரோப்பாவில் என்ன பயம்?” என்பார்கள். 1875இல் இங்கிலாந்தில், லண்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயிலில் கர்னல் வாலண்டைன் பேக்கர் என்ற ராணுவ அதிகாரி, தனியே பயணம் செய்த ஓர் இளம்பெண்ணிடம் அத்துமீறினார். அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக வழி கிடையாது. அவள் ஓடும் ரயிலின் கதவைத் திறந்து, வெளியே படிப்பலகையில் நின்று தொற்றிக்கொண்டு உதவிக்குக் கத்தினாள். அவருக்கு ஓராண்டுச் சிறையும் 500 பவுண்டு அபராதமும் கிடைத்தன. பிறகு ஒட்டோமான் படையில் தளபதியாகவும் ஆனார். பிரிட்டன் ரயில்களில் பெண்களுக்கான தனி அறைகள் 1977 வரை இருந்தன. இன்றும் ஆஸ்திரிய ரயில்வேயின் ‘நைட்ஜெட்’ இரவு ரயில்களில் பெண்கள் மட்டும் படுக்கும் அறையைக் கேட்டு முன்பதிவு செய்யலாம். இல்லாத பயத்துக்கா இத்தனை காலமாக அறை ஒதுக்குகிறார்கள்?

அப்படியானால் இரவு ரயிலிலேயே போகலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். உள்ளே தாழிடக்கூடிய அறை, சுற்றிலும் பெண்கள், காலையில் ஊரின் நடுவில் இறங்கலாம். ஆனால் பாரிஸ்–பெர்லின் இரவு ரயிலை 2014இல் நிறுத்திவிட்டார்கள். 2023 டிசம்பரில் நைட்ஜெட் வந்தது. அதுவும் வாரத்தில் மூன்று இரவுகள்தான். எனக்குத் தேவைப்பட்ட இரவு அவற்றில் இல்லை. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் 2025 டிசம்பரில் நைட்ஜெட்டும் அந்த வழியிலிருந்து விலகிக்கொண்டது. அதே ஐரோப்பிய ஒன்றியத்தில், வணிக விமானங்களின் எரிபொருளுக்கு 2003ஆம் ஆண்டின் எரிசக்தி வரிச் சட்டம் விலக்கு அளித்து வைத்திருக்கிறது. இரவு ரயிலுக்குக் கொடுக்கப் பணமில்லை. விமானத்திடம் வாங்க மனமில்லை. வெட்கம் மட்டும் பயணிக்கு.

கடைசியில் பகல் ரயிலில் போனேன். 2024 டிசம்பரிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க், ஃபிராங்ஃபர்ட் வழியாக நேரடி அதிவேக ரயில் ஓடுகிறது. சுமார் 8 மணி நேரம். ஜூன் மாதம், வெளிச்சத்தில் ஏறி வெளிச்சத்தில் இறங்கினேன். கட்டணம் பேருந்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஊர் திரும்பிக் கணக்குக் கொடுத்தபோது, பயணப்படி தந்த அலுவலகம் ‘மிகக் குறைந்த கட்டணம்’ என்ற விதியைக் காட்டிப் பேருந்துக் கட்டணத்தை மட்டும் தந்தது. மீதி என் கையிலிருந்து போனது. இது பெண்ணாக இருப்பதற்குக் கட்டும் வரி. ரசீது கிடையாது.

என்னால் கட்ட முடிந்தது. உதவித்தொகையில் முதன்முறை வெளிநாடு போகும் என் மாணவியால் முடியாது. அவள் பயந்துகொண்டே இரவுப் பேருந்தில் ஏறுவாள். இல்லையென்றால் அந்த வாசிப்புக்கே போகமாட்டாள். பெண்ணை அழைத்துக்கொண்டு கடல் கடக்கும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது அதை யாரும் நூற்பாவாக எழுதுவதில்லை, பயணப்படி விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழியரே, அடுத்த முறை பயண உதவிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நான்காவது கட்டத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எங்கே தூங்குகிறோம், கதவுக்குத் தாழ் உண்டா என்று எழுதுங்கள். அதற்காகும் தொகையைச் சலுகையாகக் கேட்காதீர்கள், பயணச் செலவாகக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பத்திரமாகப் போய்ச்சேர விமானம்தான் வழி என்றால் விமானத்தில் போங்கள். இரவு ரயிலை நிறுத்தியவர்களும், எரிபொருள் வரியைத் தள்ளுபடி செய்தவர்களும், மலிவான கட்டணத்தை மட்டும் விதியாக்கியவர்களும் முதலில் வெட்கப்படட்டும். நம் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.