பேணப்படுவது எந்த மரபு?

பழைய விடுதி ஒன்றில் உணவருந்தி வருவோர் தூண்களைப் பற்றியும் அகன்ற விறாந்தையைப் பற்றியும் பேசுகின்றனர். அந்த மேசையில் யார் அமரலாம் என்பதை எவரும் கேட்பதில்லை. நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

எமது நாட்டின் வாடிவீடுகளை எடுத்துக்கொள்வோம். கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்ட காலத்தில், 1828 இல் எழுந்த அம்பேபுஸ்ஸ வாடிவீடே அவற்றுள் மிகப் பழையது என்பர். பயணம் செய்யும் வெள்ளை அதிகாரிகளே இவற்றின் முதன்மை விருந்தினர். உள்ளூர் வழிப்போக்கருக்குச் சிங்களப் பகுதிகளில் அம்பலமும் எமது பகுதிகளில் மடமும் இருந்தன. பருத்தித்துறையின் தெருமூடிமடம் இன்றும் அதற்குச் சாட்சி. மடம் சமத்துவத்தின் இருப்பிடம் என்று நான் வாதிட வரவில்லை. கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் சாதி பார்த்த சமூகம் மடத்துத் திண்ணையில் மட்டும் அதை மறந்திருக்குமா?

சுதந்திரத்தின் பின் வாடிவீட்டின் கதவு சற்று அகலத் திறந்தது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் குடும்பத்தோடு இறங்கிச் சோறும் பருப்பும் மீன்கறியும் உண்டு போயினர். கட்டடத்தின் வரலாற்றில் பெருமைப்படத்தக்க அத்தியாயம் இதுவே. இன்று துடைத்தழிக்கப்படுவதும் இதுவே.

காலிக் கோட்டையில் 1684 இல் ஒல்லாந்தர் கட்டிய மாளிகை 1865 இல் விடுதியாயிற்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அது உலகச் செல்வந்தர்களுக்கான ஆடம்பர விடுதியாக மாறியது. கட்டடம் அழகாகவே காக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கே ஒரு வேளை உணவுக்காக எத்தனை உள்ளூர்க் குடும்பங்களால் நுழைய முடியும்?

இன்னொரு பழைய விடுதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எம்மை அழைத்துச் சென்ற சாரதிக்குச் சமையலறையின் பின்னால் தனி மேசை போடப்பட்டிருந்தது. அவரை எம்மோடு அமர்த்தக் கேட்டபோது, "இங்கு வழக்கமில்லை" என்றனர். தூணையும் ஓட்டையும் போலவே அந்த வழக்கமும் பழுதின்றிப் பேணப்பட்டிருந்தது! அன்று தோலின் நிறம் பார்த்த வாசல், இன்று பணப்பையையும் தொழிலையும் பார்க்கிறது.

பழைய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பார்கள். உண்மைதான். கறையானுக்குக் கருணை கிடையாது. அறை வாடகையை எவ்வளவும் உயர்த்தட்டும். ஆனால் பொதுப்பணத்தில் எழுந்து, அரச நிலத்தில் நிற்கும் வாடிவீடுகளிலாவது சாதாரணப் பயணிக்குக் கட்டுப்படியாகும் ஒரு மதியச் சோறு நிச்சயிக்கப்பட வேண்டும். சாரதியும் அதே மண்டபத்தில் உண்ண வேண்டும். யாருக்காக அது கட்டப்பட்டது, யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதைச் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும்.

விடுதி என்பது வழிப்போக்கனுக்குச் சோறிடும் இடம். சோற்றை மறுத்துத் தூணைக் காப்பதற்கு மரபு என்று பெயரிடாதீர்கள்.