ஈரச் சுவரும் இளைப்பும்: கேமரன் மலைத் தோட்டக் குடியிருப்புகள் பற்றி எங்கள் நிலைப்பாடு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் சுவரேறும் பூஞ்சணம் கட்டடக் குறை. அதைப் போக்கும் பொறுப்பு வீட்டைக் கொடுத்தவருடையது. குடியிருப்பவருக்குச் சுத்தம் போதாது என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 18 டிகிரி அளவுதான். மழையில் நனைந்து வந்த வேலைத்துணி வீட்டுக்குள்ளேதான் காய வேண்டும். குளிருக்குச் சன்னலை அடைத்தால் சோற்றுப் பானையின் ஆவியும் துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் நீராய்ப் படிகின்றன. கூரையும் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். அலமாரியைச் சற்று நகர்த்தினால் பின்சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள். மெத்தைக்கு அடியில் மக்கல் வாடை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஈரம் இருக்கும்வரை அது திரும்ப வரும். மேலே சாயம் பூசுவது மறைப்பதே தவிர மருந்தாகாது.

இப்படி ஈரச் சுவரில் வளரக்கூடிய அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையின் வித்து இரண்டு மூன்று மைக்ரோன் அளவுதான். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு கூடும். காசநோய் ஆறியவரின் நுரையீரலில் எஞ்சிய குழிகளில் அது குடியேறலாம். அதனால் இருமலில் இரத்தம் வந்தால் பழைய நோயே திரும்பியதாக நினைத்துவிடுகிறோம். சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரலே அழன்று, நாள்பட்டால் தழும்பேறிவிடும். அந்தத் தழும்பு ஆறாது. ஜப்பானில் ஈரம் ஊறிய மர வீடுகளில் வளரும் ட்ரைக்கோஸ்போரான் பூஞ்சையால் இப்படிப்பட்ட நோய் கோடைதோறும் வருவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துள்ளனர்.

இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் தந்தை, 2017இலேயே பூஞ்சணம் பற்றிப் புகார் செய்தவர். வீட்டைக் கொடுத்தவர்கள் மேலே சாயம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுப் பூஞ்சணமே சாவுக்குக் காரணம் என்று 2022இல் மரண விசாரணை தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே இன்று அங்கே சட்டம் இருக்கிறது.

நம் மலேசியாவிலும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளைப் பழுதின்றிப் பராமரிக்கும் கடமையை முதலாளிமீது வைத்திருக்கிறது. அந்தக் கடமையில் ஈரமும் பூஞ்சணமும் அடங்கும் என்று தொழிலாளர் துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அலமாரிக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி பூஞ்சணத்துக்குப் பாதுகாப்பான அளவு எதையும் வகுக்கவில்லை; ஈரத்தையே தடுக்கச் சொல்கிறது. கூரை, கால்வாய், காற்றோட்டம் மூன்றையும் நிர்வாகம் தன் செலவில் சீராக்கட்டும். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர் தங்கும் அறைக்கும் இதே அளவுகோல்தான்.

குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர் போய்த் தங்கும்போது தணியும் இருமல், வீடு திரும்பியதும் மீண்டும் பிடித்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சுவரைப் படமெடுத்துத் தேதியோடு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகலைக் கையில் வைத்திருங்கள்.