ஹிடோமி தோத்துப் போச்சா?

ஹிடோமியை 'தோல்வி'ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். 2016 பிப்ரவரியில ஜப்பான் அனுப்பின எக்ஸ்ரே செயற்கைக்கோள். பேருக்கு அர்த்தம் 'கண்மணி'. மென்பொருள் கோளாறும் தரையிலிருந்து போன தப்பான எண்களும் சேர்ந்து, மார்ச் 26-ல சுழன்று சுழன்றே உடைஞ்சிடுச்சு. பாவம்தான்.

ஆனா அதுக்குள்ள, சுமார் 24 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கிற பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தைப் பார்த்துடுச்சே! அங்கே கேலக்ஸிகளுக்கு நடுவுல கோடிக்கணக்கான டிகிரி சூட்டுல வாயு. மொத்த நட்சத்திரங்களைவிட இதுக்குத்தான் எடை அதிகம். வெடிச்ச நட்சத்திரங்கள் துப்பின இரும்பு, நிக்கல், மாங்கனீஸ் எல்லாம் இதுல கலந்து கிடக்கு. ஒவ்வொண்ணும் எக்ஸ்ரேயில தனித்தனிக் கோடு போடும். பழைய கருவிகளுக்கு அந்தக் கோடுகள் ஒண்ணோடொண்ணு கலங்கித் தெரிஞ்சதால நிக்கல் அதிகம்னு நினைச்சாங்க. ஹிடோமி பிரிச்சுப் பார்த்தா... இரும்புக்கு நிக்கல் விகிதம் அப்படியே நம்ம சூரியன்ல இருக்கிற மாதிரி!

தோல்வின்னா, அதே மாதிரி கருவியை 2023-ல கிரிசம் செயற்கைக்கோள்ல வச்சு மறுபடி ஏன் அனுப்பினாங்களாம்?