நிறம் மாறாத நீர்

பெருகிக் கிடக்கும் நீரில் அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிடின், அந்நீரில் உளூச் செய்தல் கூடாதென மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். தொழுகைக்கு இவ்விதி போதும். கைக்குழந்தைக்குப் புகட்டும் நீருக்கு இது மட்டும் போதாது.

சேலம் நகரின் குடிநீருக்காக 1911இல் அமைக்கப்பட்ட பனமரத்துப்பட்டி ஏரி, சீமைக் கருவேலம் மண்டிப் பாழானதை ஊரெல்லாம் பேசினோம். அது கண்ணுக்குத் தெரிந்த கேடு. நிலத்தடியில் இறங்கும் கேட்டைப் பேசுவார் குறைவு.

இங்கிருந்து நாமக்கல் வரை கோழிப்பண்ணை பலருக்கும் சோறிடும் ஹலாலான தொழில். கூண்டுகளின் கீழே மாதக்கணக்கில் சேரும் எரு, லாரியில் ஏறி வயலோரங்களில் குவிகின்றது. மண்ணுக்கு அது நல்ல உரமே. ஆயின் திறந்து கிடக்கும் குவியலின்மேல் ஐப்பசி மழை இறங்கினால், எருவிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழே செல்லும். நமதோ பாறை நிலம். வெடிப்புகளின் வழியே அது கிணற்றை அடைந்துவிடும். நைட்ரேட் கலந்த நீரில் நிறமோ மணமோ மாறுவதில்லை, நாவும் அறியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவே கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலையின் வரம்பு. அதனினும் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துப் புகட்டினால், ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு மனிதனின் கழிவுக்கே இத்துணைக் கண்டிப்பு எனில், பல்லாயிரம் கோழிகளின் எச்சத்திற்கு என்ன சொல்வது? 'என் நிலம், என் எரு' என்னும் வாதம் மார்க்கத்தில் நில்லாது. அடியில் ஊறும் நீர் அண்டை வீட்டாருக்கும் உரியது.

பண்ணையாளர் செய்யவேண்டியது பெருஞ்செலவுடையதன்று. கோழிகளுக்கான தண்ணீர்க் குழாயின் கசிவை உடனுக்குடன் அடைத்து எருவை உலர்வாக வைத்தல். கிணற்றுக்கு எட்டத்தில், மேடான கெட்டித் தளத்தில் தார்ப்பாய் போர்த்திக் குவித்தல். விதைப்பை ஒட்டி, பயிர் கொள்ளுமளவே இடுதல். இரண்டு மூன்று ஆடு வளர்ப்போரும் கிணற்றடியில் கட்டுவதை விடவேண்டும்.

ஜமாஅத்தார் பள்ளிவாசல் கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பண்ணையாளரே நிர்வாகியாய் இருக்குமிடத்தில் இதைச் சொல்வது எளிதன்றுதான். எனினும் அளவு மிகுந்தால், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அன்றே சொல்லி அனுப்பட்டும்.