பீப்பாயின் விலை தெரிகிறது. கொடையாளரின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சின் போன் நகர அறமருத்துவமனை நடத்தும் திராட்சை மது ஏலம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, பீப்பாய்கள் என்ன விலைக்குப் போயின, விருந்துக்கு எந்த நடிகர் வந்தார் என்பவற்றுக்குப் பக்கங்களை வாரி வழங்கிவிட்டு, அந்த மது விளைந்த நிலம் யாருடைய கொடை என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்காதது கண்டனத்துக்குரியது.

இதைவிடச் சுடுவது, பீப்பாய்களின் மேலுள்ள பெயர்களை 'வணிக முத்திரைகள்' என்று அக்கட்டுரை ஒதுக்கித் தள்ளியதாகும். அங்கே 'கியூவே', அதாவது தனித் தொகுதியாகத் தயாரிக்கப்படும் மது, ஒவ்வொன்றும் பெரும்பாலும் நிலம் அளித்தவரின் அல்லது அவர் நினைவுகூர்ந்தவரின் பெயரையே தாங்குகிறது. 'மதலேன் கொலின்யோன்' என்பது 1976இல் மாசி-ஷம்பெர்த்தேன் தோட்டத்தை மருத்துவமனைக்கு வழங்கிய மகன் ஒருவர் தம் தாய்க்கு எடுத்த நினைவே தவிர விளம்பரம் அன்று. கோயில் சுவரில் வெட்டிய நிவந்தக் கல்வெட்டை யாரேனும் கடைப் பலகை என்பார்களா?

பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலேனும் அவர் மனைவி கிகோன் த சலேனும் போரும் வறுமையும் வாட்டிய ஏழை நோயாளிகளுக்காக 1443இல் நிறுவிய இம்மருத்துவமனைக்கு, 1457இல் கியெமெத் லெவெர்னியே என்னும் பெண் முதல் திராட்சைத் தோட்டத்தை அளித்தார். அன்று தொடங்கிய கொடைகளால் அதன் தோட்டப்பரப்பு இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர் ஆகியுள்ளது. முதல் குறையாமல் நிலத்தை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதன் விளைவை மட்டும் விற்பதே இவ்வறத்தின் நுட்பம்; 1859 முதல் நடைபெறும் ஏலத்தில், இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று 228 லிட்டர் பீப்பாய்களாக விலைபோவது அவ்விளைவே. நோயாளிகள் 1971இல் புதிய கட்டடத்துக்கு மாறிய பின்பும், பழைய கட்டடம் அருங்காட்சியகமான பின்பும், அவ்வருவாய் மருத்துவத்துக்கே பயன்படுகிறது.

விலைதான் செய்தி என்பர். யாருக்காக விற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டால் அது செய்தி அன்று, சந்தை நிலவரம். பலரை ஏழையாக்கிய ரொலேன் மருத்துவமனை கட்டியதில் என்ன வியப்பு என்ற பழைய ஏளனமும் வரக்கூடும். தோட்டங்களைக் கொடுத்தவர்கள் வேறு பலர் என்பதே அதற்கு விடை. மதுவும் அறமும் ஒட்டுமா என்று நெற்றி சுருக்குவோர், பணம் சென்று சேரும் இடத்தைப் பார்த்தால் போதும்.

அறக்கொடை எதையும் வருவாய்க் கணக்காக மட்டும் வாசிக்கவும், கொடையாளரின் பெயரைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டுத் திறந்துவைத்தவரின் பெயரைப் பளிங்கில் பொறிக்கவும் பழகிய அதிகாரிகள் எந்நாட்டிலும் உண்டு; அவர்களுக்கு இதழியலும் துணைபோக வேண்டியதில்லை. விடுபட்ட கொடையாளர்களின் பெயர்களை, நடிகரின் படத்துக்குக் கிடைத்த அதே அளவு இடத்தில், அடுத்த இதழ் வெளியிடுவதே முறையாகும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்